பழைய ஜீப்பையும் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்

சந்தையில் மாடு வாங்கப் போகும் விவசாயி லேசில் ஏமாறுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். நாலு அடி நடக்கவிட்டுக் குளம்பைக் கவனிக்கிறார். ஏர் பழகியதா, வண்டி பழகியதா என்று கேட்கிறார். தரகர் துண்டைப் போட்டு விரலைப் பிடித்த பிறகும் ஒரு முறை யோசிக்கிறார். இவ்வளவு விவரம் தெரிந்தவரே பழைய ஜீப் ஒன்றை வாங்கப் போனால், புதுப் பெயிண்டையும் விலை மலிவையும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார். ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் ஒவ்வொரு குறையாக வெளியே வருகிறது.

இன்று இதைப் பேசவேண்டிய அவசியம் வந்திருக்கிறது. சென்னையில் அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர் பகுதிகளில் பழைய நான்கு சக்கர இழுவை ஜீப்பை வாங்கிப் புதுப்பித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே மேடு பள்ளத்திலும் சேற்றிலும் ஓட்டிப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்காகியிருக்கிறது. அது அவர்கள் விருப்பம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் விளைவு கிராமம் வரை வருகிறது. ஒருபுறம், புளியமரத்தடியில் பல ஆண்டுகளாக நிற்கும் ஜீப்பைத் தேடித் தரகர்கள் ஊர் ஊராக வருகிறார்கள். மறுபுறம், பட்டணத்துக்காரர் ஓட்டிச் சலித்து விற்கும் வண்டி, "தோட்டத்துக்கு ஏற்றது, சேறு சகதியில் போகும்" என்ற பேச்சோடு சிறு விவசாயியின் தலையில் கட்டப்படுகிறது. வாங்கினாலும் விற்றாலும் கண்ணைத் திறந்துகொண்டு செய்யாவிட்டால், நஷ்டம் ஒரு போக வருமானத்தோடு நிற்காது. நிலத்தையே அடமானம் வைக்கும் அளவுக்குப் போகக்கூடும்.

பழைய ஜீப் வேண்டவே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பத்திரம் முதலில், பிரேக் இரண்டாவது, என்ஜின் மூன்றாவது, பெயிண்ட் கடைசி என்ற வரிசை மாறக்கூடாது. இந்த வரிசையில் செலவழிக்க வசதியில்லாதவர் வாங்காமலிருப்பதே லாபம்.

கிராமத்துக்கு ஜீப் வந்த கதை

ஜீப் யுத்தத்துக்காகப் பிறந்த வண்டி. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் இதை லட்சக்கணக்கில் செய்து தள்ளின. யுத்தம் முடிந்த சில ஆண்டுகளில், 1940களின் இறுதியில், மகிந்திரா கம்பெனி பம்பாயில் இதைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு வட்டார வளர்ச்சி அலுவலகம், மின்சார வாரியம், வனத்துறை, போலீஸ் என்று அரசு அலுவலகங்கள்தோறும் ஜீப் வந்தது. அப்படி ஓடித் தேய்ந்தவை ஏலத்துக்கு வந்தபோது வசதியுள்ள விவசாயிகள் எடுத்தார்கள். மண் பாதையில் போகும், ஏரிக்கரை மேல் ஏறும், எரு மூட்டையும் ஏற்றலாம், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு சேர்க்கலாம் என்பதால் ஜீப்புக்குக் கிராமத்தில் மதிப்பு இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. மகிந்திரா ஜீப்புகள் சிலவற்றில் வந்த டீசல் என்ஜின், இண்டர்நேஷனல் பி-275 டிராக்டர் என்ஜினின் வழி வந்தது. ஆகவே டிராக்டர் தெரிந்த ஊர் மெக்கானிக்குக்கு அது புதிரல்ல. இன்றைக்கும் விவசாயிக்குப் பழைய ஜீப் என்றால், ஊர் மெக்கானிக் கைக்கு அடங்குவதும், சாமான் தட்டுப்பாடின்றிக் கிடைப்பதும்தான் பெரிய தகுதி.

இந்தத் தகுதி எல்லா நான்கு சக்கர இழுவை வண்டிக்கும் கிடையாது. ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை 1969 முதல் 1999 வரை ராணுவத்துக்குச் செய்த ஜோங்கா கம்பீரமான வண்டி. ஆனால் அதன் பெட்ரோல் என்ஜின் ஏறக்குறைய 4 லிட்டர் கொள்ளளவு. அதற்கு எண்ணெய் ஊற்றுவது யானையைக் கட்டித் தீனி போடுவதுபோல. மாருதி 1985-ல் கொண்டுவந்த ஜிப்ஸி எடை குறைந்தது. சேற்றில் நன்றாகப் போகும். ஆனால் அதுவும் பெட்ரோல்தான். பொதுமக்களுக்கான தயாரிப்பும் நின்றுவிட்டது. பட்டணத்துப் பொழுதுபோக்குக்காரர்கள் விரும்பித் தேடுவதால் நல்ல ஜிப்ஸி மலிவாகக் கிடைப்பதில்லை. மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று கேட்கவேண்டும்.

பெயரளவில் நான்கு சக்கரம்

ஜீப் உருவத்தில் இருப்பதெல்லாம் நான்கு சக்கர இழுவை அல்ல. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ஜீப்புகளும் ஏராளமாக விற்றிருக்கின்றன. குனிந்து முன் அச்சைப் பார்க்கவேண்டும். பின் அச்சில் உள்ளதுபோலவே முன் அச்சிலும் கிரவுன் உருண்டை இருக்கவேண்டும். அதிலிருந்து கியர் பெட்டி பக்கமாக ஒரு சுழல்தண்டு போகவேண்டும். முன் தண்டைக் கழற்றி எடுத்துவிட்டு, "தேவைப்பட்டால் மாட்டிக்கொள்ளலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. கழற்றியதற்குக் காரணம் பெரும்பாலும் டீசல் சிக்கனம் என்பார்கள். உள்ளே கிரவுன் பல் உடைந்திருப்பதும் காரணமாகலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது தார் ரோட்டில் மட்டும் ஓட்டித் திருப்திப்படக் கூடாது. பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்தையும் பூட்டித் தார் ரோட்டில் ஓட்டினால் பல் சக்கரங்களுக்கு வீண் முறுக்கம். எனவே உழுத நிலம் அல்லது மணல் தரைக்குக் கொண்டுபோய் லிவரைப் போட்டு, மெதுவாக வட்டமிட்டுப் பார்க்கவேண்டும். ஸ்டியரிங் கனத்து, முன்சக்கரம் மண்ணைப் பறித்துக்கொண்டு இழுத்தால் பூட்டு வேலை செய்கிறது. கடகடவென்ற சத்தம் வந்தாலும், லிவர் தானாக வெளியே தள்ளினாலும் கியர் பெட்டியைப் பிரிக்கும் செலவு காத்திருக்கிறது. தாழ்ந்த கியருக்கான லிவரையும் போட்டுப் பார்க்க மறக்கக்கூடாது. வரப்பேறவும் பாரம் இழுக்கவும் அதுதான் உதவும்.

முதலில் புத்தகம்

வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கவேண்டும். அதில் உள்ள சேஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் பொறித்த நம்பரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும். பழைய ஜீப்புகளில் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வைத்திருப்பது சர்வ சாதாரணம். அந்த மாற்றம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் புத்தகத்தில் ஏறியிருந்தால் சரி. புத்தகத்தில் பெட்ரோல் என்றும் வண்டியில் டீசல் என்றும் இருந்தால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் விட்டுவிட்டு வரவேண்டும். ஒரு வண்டியின் புத்தகத்தை இன்னொரு வண்டியின் உடம்பில் ஒட்டி விற்பவர்களும் உண்டு என்பதை நினைவில் வைப்பது நலம்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியைச் சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ஜீப், கார் வகைக்கு 5,000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. பதிவு காலாவதியாகிப் பல ஆண்டுகளாக நிற்கும் வண்டியை மலிவு என்று வாங்குபவர், இந்தக் கட்டணத்தோடு தாமத அபராதத்தையும் விலையோடு கூட்டிப் பார்க்கவேண்டும். சோதனையில் வண்டி தேறாவிட்டால் போட்ட பணம் இரும்பு விலைதான்.

டில்லி வண்டிகள் இன்னொரு கண்ணி. டில்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதன் பின் அங்கிருந்து வண்டிகள் மலிவாகப் பிற மாநிலங்களுக்குப் போகலாயின. அப்படிப்பட்ட வண்டிக்கு அந்த ஊர் அலுவலகத்தின் ஆட்சேபணையில்லாச் சான்று, அதாவது 28-ம் நம்பர் படிவம், கையில் இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து இங்குள்ள வரியும் கட்டவேண்டும். இவற்றைக் கூட்டினால் டில்லி மலிவு பாதி வழியிலேயே கரைந்துவிடும்.

ராணுவ ஏல வண்டி என்று சொன்னால், ஏலத்தில் எடுத்ததற்கான அசல் காகிதங்களைக் கேட்கவேண்டும். அவை இல்லாமல் பதிவு இல்லை. பதிவு இல்லாமல் ரோட்டில் ஓட்ட முடியாது. "தோட்டத்துக்குள்தானே" என்ற சமாதானம், ஒரு நாள் டீசல் போட ரோட்டுக்கு வரும்போது உதவாது. கடன் பாக்கி உள்ள வண்டியா என்பதையும் புத்தகத்திலேயே பார்க்கலாம். பாங்கியின் பெயர் இருந்தால் 35-ம் நம்பர் படிவம் கொடுத்து அதை நீக்கிய பிறகே பணம் கொடுக்கவேண்டும். வீட்டில் செல்போன் வைத்திருக்கும் பிள்ளைகள் இருந்தால், அரசின் எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பதிவு, இன்சூரன்ஸ் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லலாம். செலவில்லாத வேலை அது.

அடிவயிற்றைத் தட்டிப் பாருங்கள்

காகிதம் சரி என்றால் அடுத்தது சேஸ். சிறு சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டே போகவேண்டும். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். மக்கிய இடம் பொத்தென்று ஒலிக்கும். சென்னையில் மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் வெயிலும் உப்புக் காற்றும் பட்டு நின்ற வண்டியில் துரு அடியிலிருந்து தின்றிருக்கும். மேலே பட்டி பார்த்து, டிங்கரிங் செய்து, பளபளவென்று பெயிண்ட் அடித்தால் அது கண்ணுக்குத் தெரியாது. மிதியடித் தகட்டைத் தூக்கிப் பார்க்காமல் பெயிண்டை நம்பக்கூடாது. சேஸ் உடைந்து வெல்டிங் வைத்த வண்டி, பாரம் ஏற்றும் விவசாயிக்கு உதவாது.

வெள்ளத்தில் முழுகிய வண்டியும் சென்னையிலிருந்து வரக்கூடும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கங்களில் வீடுகளே முழுகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னையின் தாழ்ந்த பகுதிகளில் மீண்டும் வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்றவை கழுவித் துடைக்கப்பட்டு விலைக்கு வந்தன. பொழுதுபோக்குக்காக ஓடைகளில் இறக்கிய ஜீப்பும் இதே கதைதான். சோதிக்க வழி எளிது. முன் அச்சு, பின் அச்சு, கியர் பெட்டி ஆகியவற்றின் அடைப்பான்களைத் திறந்து எண்ணெயைப் பார்க்கவேண்டும். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பேரிங்குகள் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். டாஷ்போர்டுக்குப் பின்னாலும் சீட்டுக்கு அடியிலும் வண்டல் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் நல்லது.

பிறகு பிரேக். மிகப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்க் குழாய் வழி. ஒரு இடத்தில் கசிந்தால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் அது கீழே இறங்கக்கூடாது. ஸ்டியரிங் வளையத்தில் வீண் ஆட்டம் அதிகமிருந்தாலும், ஓட்டும்போது முன்சக்கரம் கிடுகிடுவென ஆடினாலும் முன் அச்சின் கிங்பின் வேலை இருக்கிறது. இவற்றையெல்லாம் பார்க்கத் தெரிந்த ஊர் மெக்கானிக் ஒருவரைப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் கொடுத்து உடன் அழைத்துப் போவது, மாடு வாங்க விவரம் தெரிந்த பெரியவரை அழைத்துப் போவது போன்றதே.

புதுப்பேட்டையில் வாங்கத்தக்கதும் தகாததும்

சென்னையில் எழும்பூருக்கு அருகே, கூவம் கரையை ஒட்டிய புதுப்பேட்டையில், பிரித்த வண்டிகளின் சாமான்கள் மலை போலக் கிடக்கும். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதுச் சாமான் கடைகள் வரிசையாக உண்டு. பழைய ஜீப்பைத் தேற்ற நினைப்பவர் இந்த இரண்டு இடத்துக்கும் போகவேண்டியிருக்கும். எங்கே எதை வாங்குவது என்பதில்தான் சிக்கனமும் ஆபத்தும் பிரிகின்றன.

பானெட், கதவு, சீட்டுச் சட்டம், பம்பர், விரிசல் இல்லாத ரிம், அச்சுக் கூடு, கியர் பெட்டிக் கூடு போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம், பணம் மிச்சம். பிரேக் லைனிங், வீல் சிலிண்டர் ரப்பர், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் குழாய், ஸ்டியரிங் முனைகள், எண்ணெய் சீல், பேரிங், சுழல்தண்டின் கிராஸ் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. நூறு இருநூறு மிச்சப்படுத்தி மலைச் சரிவில் உயிரைப் பணயம் வைப்பது சிக்கனமாகாது. எதை வாங்கினாலும் பில் கேட்டு வாங்கவேண்டும். திருட்டு வண்டியின் சாமான் என்று நாளை விசாரணை வந்தால் பில்தான் சாட்சி.

டயர் விஷயத்தில் விவசாயிகள் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பழைய ஜீப்பின் டயர் அளவு 6.00-16. பல டிராக்டர்களின் முன்டயரும் இதே அளவு. வீட்டில் கிடக்கிறதே என்று டிராக்டர் முன்டயரை ஜீப்பில் மாட்டுகிறார்கள். டிராக்டர் டயர் மெதுவாகப் போவதற்குச் செய்தது. ஜீப்பின் வேகத்துக்கும் பிரேக்குக்கும் அது தாங்காது. ரோட்டில் வெடித்தால் வண்டி குப்புறக் கவிழும்.

பட்டணத்துப் பொழுதுபோக்குக்காரர் வண்டியை உயரம் தூக்குகிறார். பெரிய டயர் போடுகிறார். முன்னால் இரும்புக் கயிறு சுற்றும் வின்ச் வைக்கிறார். தலைக்கு மேல் விளக்கு வரிசை கட்டுகிறார். விவசாயிக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. பெரிய டயர் போட்டால் பிரேக் பிடிமானம் குறையும், அச்சுக்குப் பாரம் கூடும், டீசலும் கூடும். தூக்கிய வண்டி, பாரம் ஏற்றினால் வளைவில் சாயும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகத் தீர்ப்பளித்தது. ஆகவே அப்படி மாற்றிய வண்டியை வாங்கும் விவசாயி, பதிவைப் புதுப்பிக்கும் நாளில் எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி மாட்டும் செலவையும் சேர்த்தே வாங்குகிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

கையில் உள்ள பணத்தில் பாதிக்கு மேல் வண்டிக்குக் கொடுக்கக்கூடாது என்பது நல்ல விதி. மறுபாதி பிரேக், டயர், பாட்டரி, சீல், வரி, இன்சூரன்ஸ் என்று முதல் ஆண்டுக்குள் போய்விடும். நகைக்கடன் வாங்கி ஜீப் வாங்குபவர் அந்த மறுபாதிக்கு எங்கே போவார்? பிரேக்கைத் தள்ளிப் போடுவார். இன்சூரன்ஸைத் தள்ளிப் போடுவார். விபத்து இந்த இடத்தில்தான் காத்திருக்கிறது.

எத்தனை நாள் உபயோகம் என்பதையும் எண்ணவேண்டும். ஜீப்புக்கு ஆண்டுக்கு எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் செலவு என்றும், சேறு சகதியில் நான்கு சக்கர இழுவை உண்மையிலேயே தேவைப்படும் நாட்கள் 20 என்றும் வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 2,000 ரூபாய் ஆகிறது. அந்த நாட்களுக்கு வாடகை வண்டி இதைவிடக் குறைவாகக் கிடைக்குமானால் சொந்த ஜீப் வீண். இரண்டு ஏக்கர் சமவெளி நிலம் உள்ளவருக்குக் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் முடியும். உழவுக்கும் நிலச் சமனுக்கும் என்றால் ஜீப் தேவையே இல்லை. தியாகராய நகருக்குப் பக்கத்தில் நந்தனத்தில் தலைமை அலுவலகம் கொண்ட வேளாண்மைப் பொறியியல் துறை, மாவட்டங்கள்தோறும் டிராக்டர் முதலிய இயந்திரங்களைக் குறைந்த வாடகைக்கு விடுகிறது. உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்கலாம்.

மலைக் கிராமத்தவர் கணக்கு வேறு. கொல்லிமலை, ஜவ்வாதுமலை, கல்வராயன்மலை, கொடைக்கானல் கீழ்மலை போன்ற இடங்களில் வண்டிப் பாதை விட்டு விலகிய தோட்டங்களுக்கு ஆண்டு முழுவதும் விளைச்சலையும் எருவையும் கொண்டுபோக நான்கு சக்கர இழுவை உண்மையான தேவை. அவர்கள் வாங்குவது ஆடம்பரமல்ல. ஆனால் அவர்களுக்குத்தான் பிரேக்கும் பத்திரமும் இன்னும் அவசியம். சொந்த உபயோகப் பதிவுள்ள ஜீப்பில் கூலியாட்களை வாடகைக்கு ஏற்றக்கூடாது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் உள்ள வண்டியில் ஏறியவர்களுக்கு விபத்தில் ஒன்று நேர்ந்தால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழலாம். இன்சூரன்ஸே இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். கோர்ட் தீர்ப்பாகும் தொகைக்கு நிலம் ஜப்திக்கு வரும்.

விற்பவர் படும் பாடு

வாங்குபவரைவிட விற்பவர் அதிகம் ஏமாறும் காலம் இது. தரகர் வருகிறார், "ஓடாத வண்டி, இரும்பு விலைக்குத்தான் போகும்" என்கிறார். பெரியவரும் புத்தகத்தைக் கையில் கொடுத்து, வெற்றுப் படிவத்தில் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிடுகிறார். அந்த வண்டி பட்டணத்தில் புதுப்பிக்கப்பட்டுப் பல மடங்கு விலைக்குப் போகிறது. விலை ஏமாந்தது சிறு நஷ்டம். பெரிய நஷ்டம் பெயர் மாறாமலிருப்பது.

2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கைத் தீர்த்தது. ஒருவர் விற்ற கார் பல கை மாறியது; ஆனால் புத்தகத்தில் பெயர் மாறவில்லை; இன்சூரன்ஸும் இல்லை. அந்தக் கார் விபத்துக்குள்ளாகி ஒருவர் இறந்தார். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பே என்று கோர்ட் தீர்ப்பளித்தது. வண்டியை விற்றுப் பணத்தையும் செலவழித்துவிட்டு, தாம் கண்ணால் காணாத ஒருவர் ஓட்டிய வண்டிக்கு அவர் பதில் சொல்லவேண்டியதாயிற்று. கிராமத்தில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும் ஒவ்வொருவருக்கும் இது நேரக்கூடும்.

ஆகவே விற்பவர் 29, 30-ம் நம்பர் படிவங்களை முழுவதும் நிரப்பி, வாங்குபவரின் விலாச அத்தாட்சியோடு, விற்ற 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். வாங்குபவருக்கு 30 நாள் தவணை உண்டு. பெயர் மாறிய புத்தகத்தின் நகல் வரும்வரை விலையில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பது வாங்குபவர் வழக்கம். அதுபோல விற்பவரும் பெயர் மாறும்வரை வண்டியைக் கொடுக்காமலிருப்பதே சிறந்தது. வண்டியைப் பிரித்து இரும்புக்குப் போடுவதானால், புத்தகத்தை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்து சான்று வாங்கவேண்டும். இல்லாவிட்டால் பிரிந்த வண்டியின் புத்தகம் வேறொரு வண்டியில் உயிரோடு உலாவும். பொறுப்பும் பழைய உரிமையாளர் பெயரிலேயே உலாவும்.

சர்க்கார் செய்யவேண்டிய ஒன்றும் இருக்கிறது. ஒரு பெயர் மாற்றத்துக்குச் சிறு விவசாயி இரண்டு மூன்று நாள் வேலையை விட்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் அலைவதால்தான் தரகரிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பட்டா மாறுதலுக்கு ஜமாபந்தி நடத்துவதுபோல, ஆண்டுக்கு ஒருமுறையாவது தாலுகா தலைமையிடத்தில் வண்டிப் பெயர் மாற்றத்துக்கும் பதிவு ரத்துக்கும் முகாம் நடத்தினால், ஊர்களில் பெயர் மாறாமல் ஓடும் வண்டிகள் பாதியாவது ஒழுங்குக்கு வரும். விபத்தில் அடிபடும் ஏழைக்கும் இழப்பீடு கிடைக்க வழி பிறக்கும்.

பழைய ஜீப் உழைக்கும் வண்டி; சரியாகத் தேற்றினால் இன்னும் பல ஆண்டுகள் எரு சுமக்கும், நாற்று சுமக்கும், நோயாளியையும் சுமக்கும். ஆனால் மாட்டுக்குச் சுழி எப்படியோ அப்படி வண்டிக்குப் புத்தகம். சுழி கெட்ட மாட்டைச் சும்மா கொடுத்தாலும் தொழுவத்தில் கட்டாத விவசாயி, புத்தகம் கெட்ட ஜீப்பையும் வீட்டு வாசலில் நிறுத்தக்கூடாது.